அடம்பிடிக்கிற ஆப்பையும் வழிக்குக் கொண்டு வரலாம்: விண்டோஸ் ஹை டிபிஐ செட்டிங்ஸ் ரிவ்யூ

விண்டோஸ்ல ஏதாவது ஒரு புரோகிராமோட ஐகானை ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ் போய் காம்பேட்டபிலிட்டி டேபைத் திறந்தீங்கன்னா, கீழே "சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்"னு ஒரு பட்டன் இருக்கும். டிபிஐன்னா ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்கிற கணக்கு, 4கே ஸ்க்ரீன்ல மங்கலாவோ குட்டியாவோ தெரியுற ஆப்பைச் சரி பண்றதுக்குத்தான் இந்த பட்டன். இந்த ரிவ்யூ முழுக்க அந்த ஒரு பட்டனைப் பத்திதான். ஒரு பட்டனுக்கு இவ்வளவு பெரிய ரிவ்யூவான்னு கேட்டா, ஆமா, 4கே ஸ்க்ரீன்ல நாள் முழுக்க வேலை பாக்குறவங்களுக்கு விண்டோஸ்ல இருக்குற வசதிகள்லயே ரொம்ப பிரயோஜனமானது இதுதான்னு நான் உறுதியா நினைக்கிறேன், இது இருக்குன்னே தெரியாம கண்ணைச் சுருக்கி சுருக்கி வேலை பாத்துட்டு இருக்குறவங்களும் நிறைய பேர். என் மார்க் 5க்கு 4. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல பிரச்சனை என்னன்னு பாத்துடலாம். 24 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டர்ல ஒரு இன்ச்சுக்கு சுமார் 92 பிக்சல். அதே 27 இன்ச் 4கேன்னா 163. 15.6 இன்ச் லேப்டாப்ல 4கே பேனல் இருந்தா 282. இப்ப பழைய புரோகிராம்கள்ல டூல்பார் ஐகான் எல்லாம் 16 பிக்சல் அகலத்துக்கு வரைஞ்சு வச்சிருப்பாங்க, அது அந்த 24 இன்ச் மானிட்டர்ல 4 மில்லிமீட்டருக்கு மேல தெரியும், லேப்டாப் 4கேல ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அதை மவுஸ் வச்சு குறி பாத்து கிளிக் பண்றதே ஒரு வேலை. அதனாலதான் ஸ்கேலிங், 150%, 200%னு எல்லாத்தையும் பெருசாக்கி காட்டுறது. விண்டோஸ் கணக்குல 96 டிபிஐ தான் 100%, 144 வந்தா 150%, 192 வந்தா 200%.

இதெல்லாம் விண்டோஸ் மட்டும் மாறினா நடக்காது, ஒவ்வொரு ஆப்பும் "எனக்கு டிபிஐ தெரியும், நானே பெருசா வரைஞ்சுக்குறேன்"னு சொல்லணும். சொல்லாத ஆப்பை என்ன பண்றது? அதுக்கு 2007ல விஸ்டா ஒரு வழி கொண்டு வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதுதான். ஆப்கிட்ட "ஸ்க்ரீன் 96 டிபிஐ தான்"னு விண்டோஸ் ஒரு பொய் சொல்லும், ஆப் அதை நம்பி சின்னதா ஒரு படமா வரைஞ்சு கொடுக்கும், விண்டோஸ் அந்தப் படத்தை இழுத்து பெருசாக்கி ஸ்க்ரீன்ல ஒட்டும். சைஸ் சரியா இருக்கும், ஆனா எழுத்து மங்கிடும். ஒரு பிக்சல் கோடு ஒன்றரை பிக்சல் ஆகணும்னா பாதி சாம்பல் கலர்லதானே வரும். 200%ல ரெண்டு மடங்குதானே, அப்படியே கச்சிதமா வரணுமேன்னு தோணும், ஆனா அங்கயும் ஓரங்களை நைஸ் பண்ணித்தான் இழுக்குது, அதனால அங்கயும் மங்கல்தான்.

தமிழ்ல இது இன்னும் மோசம், இதை இங்கிலீஷ்லயே எழுதப்படுற டெக் ரிவ்யூக்கள்ல பாக்க முடியாது. இழுத்துப் பெருசாக்கின ஜன்னல்ல மெய்யெழுத்து மேல இருக்குற புள்ளி லேசா ஒரு கறை மாதிரி ஆயிடும், ண-வுக்கும் ன-வுக்கும் சுழி எண்ணிப் பாக்கணும்னா மூஞ்சியை ஸ்க்ரீன் கிட்ட கொண்டு போகணும், "கி"யா "கீ"யான்னு மேல இருக்குற சுழியை வச்சுத்தான் சொல்லணும், அந்தச் சுழியே ரெண்டு மூணு சாம்பல் பிக்சலா நிக்கும். தமிழ்ல டேட்டா என்ட்ரி பண்றவங்க, புரூஃப் பாக்குறவங்க இதுல படுற பாடு சாதாரணமானது இல்ல.

சரி, பட்டனுக்கு வருவோம். அதை அமுக்கினா வர்ற டயலாக்ல கீழ்ப்பகுதிதான் முக்கியம், "ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்"னு ஒரு டிக் பாக்ஸ், அதுக்குக் கீழே ஒரு டிராப் டவுன், அதுல மூணு ஆப்ஷன்: அப்ளிகேஷன், சிஸ்டம், சிஸ்டம் என்ஹான்ஸ்டு. 2017ல வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்ல இருந்து இந்த மூணும் இருக்கு. இதுக்கு முன்னாடி பல சமயம், விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் வச்சிருக்குற ரெஜிஸ்ட்ரில ஒரு என்ட்ரி போட்டு, ஆப் இருக்குற ஃபோல்டர்லயே அந்த ஆப்பைப் பத்தின விவரம் சொல்ற மேனிஃபெஸ்ட் ஃபைல் ஒண்ணைத் தனியா எழுதி வச்சு விண்டோஸை நம்ப வைக்கணும், அந்தக் கஷ்டம் இப்ப தேவையே இல்ல.

அப்ளிகேஷன்னு வச்சீங்கன்னா, விண்டோஸ் பொய் சொல்றதை நிறுத்திடும். உண்மையான டிபிஐயும் உண்மையான ரெசல்யூஷனும் ஆப்புக்குப் போகும், விண்டோஸ் எதையும் இழுக்காது. கேம்ஸுக்கு இதுதான் சரி. டிபிஐ தெரியாத பழைய கேமை 200% வச்ச 4கே ஸ்க்ரீன்ல திறந்தா அதுக்கு 1920க்கு 1080 தான் கண்ணுல தெரியும், ஆப்ஷன்ஸ்ல 4கேவே காட்டாம போகலாம், அப்ளிகேஷனுக்கு மாத்தினா முழு ரெசல்யூஷனும் கிடைக்கும். மவுஸை தானா நகர்த்தி கிளிக் பண்ற மேக்ரோ டூல், ஸ்க்ரீன்ஷாட் டூல் இதுக்கெல்லாமும் இதையே வைங்க, இல்லன்னா அது நினைக்கிற இடம் ஒண்ணு, கிளிக் விழுற இடம் ஒண்ணுன்னு ஆயிடும். ஆனா சாதாரண பழைய ஆபீஸ் புரோகிராமுக்கு இதை வச்சீங்கன்னா எறும்பு சைஸுக்குப் போயிடும், இல்லன்னா எழுத்து மட்டும் பெருசாகி பாக்ஸ் பழைய சைஸ்லயே நின்னு பாதி வார்த்தை வெட்டுப்படும்.

சிஸ்டம்னா மேல சொன்ன அந்த விஸ்டா காலத்து வழி. மங்கல், ஆனா எதுவும் உடையாது. தனக்கு டிபிஐ தெரியும்னு சொல்லிக்கிட்டு அரைகுறையா வரையுற ஆப்கள் இருக்கு பாருங்க, நெக்ஸ்ட் பட்டன் ஜன்னலுக்கு வெளிய போயிடும், ரெண்டு லேபிள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும், அதுகளை "நீ சும்மா இரு, நான் பாத்துக்குறேன்"னு அடக்குறதுக்கு இது நல்லா உதவும். அழகு முக்கியமில்ல, இன்ஸ்டால் முடிஞ்சா போதும்ங்கிற இடத்துல இதைத் தாராளமா யூஸ் பண்ணலாம்.

மூணாவதுதான் விஷயமே. சிஸ்டம் என்ஹான்ஸ்டு. இதை ஏன் எல்லாரும் கொண்டாடலன்னு எனக்கு இன்னும் புரியல. ஜிடிஐங்கிறது விண்டோஸ்ல எழுத்து, கோடு, பெட்டி எல்லாம் வரையுற பழைய வழி, பழைய புரோகிராம்ல பெரும்பாலானது அதை வச்சுத்தான் வரையும். இந்த ஆப்ஷன்ல ஆப்புக்கு அதே 96 டிபிஐ பொய்தான் போகும், அதனால லேஅவுட் எதுவும் குலையாது, ஆனா ஆப் "இங்க இந்த எழுத்தைப் போடு"ன்னு ஜிடிஐகிட்ட சொல்றப்போ ஜிடிஐ அந்த எழுத்தை நேரா பெரிய சைஸ்ல, முழு பிக்சல்ல வரைஞ்சிடும். வரைஞ்ச படத்தை அப்புறமா இழுக்குறது இல்ல, வரையும்போதே பெருசு. விண்டோஸோட டிவைஸ் மேனேஜர் மாதிரி ஜன்னல்கள் 4கேல தெளிவா தெரிய ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இருக்குறதும் இதே டெக்னிக்தான்.

நான் இதைப் பாத்தது ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர்ல, பேர் வேணாம், அப்டேட் நின்னு போன சாஃப்ட்வேர், ஆனா அதுல இருக்குற டேட்டாவுக்காக இன்னும் ஓட்டியாகணும். ஸ்கேலிங் 175%. முதல்ல எதுவும் மாத்தாம திறந்தா, கட்டம் கட்டமா இருக்குற அந்த கிரிட்ல கோடுகள் எல்லாம் தடிமனா, சாம்பலா, 8க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கலங்கி இருந்துச்சு. அப்ளிகேஷனுக்கு மாத்தினா கிரிட் ரொம்ப பளிச், ஆனா மொத்த ஜன்னலும் ஸ்க்ரீன்ல கால்வாசிதான், படிக்கவே முடியாது. சிஸ்டம் என்ஹான்ஸ்டு வச்சு மூடித் திறந்தா, அதே சைஸ், அதே லேஅவுட், கோடு எல்லாம் ஒல்லியா கறுப்பா, எண்கள் பிரிண்ட் எடுத்த மாதிரி நறுக்குனு நிக்குது, கஸ்டமர் பேர்ல இருக்குற மெய்யெழுத்துப் புள்ளி கூட வட்டமா தெரியுது. டூல்பார் ஐகான் மட்டும் பழையபடி மங்கல், ஏன்னா அது ஏற்கனவே வரைஞ்சு வச்ச படம், அதுல இல்லாத பிக்சலை ஜிடிஐ எங்க இருந்து கொண்டு வரும். அந்த ஒரு குறையைத் தவிர புது சாஃப்ட்வேர் மாதிரியே இருக்கு. சோர்ஸ் கோட்ல ஒரு வரி தொடாம, எழுதினவங்களையும் தேடிப் போகாம இந்த ரிசல்ட் கிடைக்குதுன்னா அது சாதாரண விஷயமா?

எல்லாத்துக்கும் இது வேலை செய்யாது. டைரக்ட்எக்ஸ், ஓபன்ஜிஎல்னு ஜிடிஐயைத் தொடாம வரையுற ஆப்கள்ல வித்தியாசமே இருக்காது. சிலது தானே ஒரு படத்துல எல்லாத்தையும் வரைஞ்சு கடைசில அதை மொத்தமா கொண்டு வந்து ஒட்டும், அங்கயும் பலன் கம்மி, சில சமயம் ஒரு பகுதி தெளிவா, பக்கத்துலயே இன்னொரு பகுதி மங்கலான்னு கலவையா வரும். மாத்திப் பாருங்க, பிடிக்கலன்னா டிக்கை எடுத்துடுங்க, ஆப்போட டேட்டா எதையும் இது தொடுறதில்ல, அதனால பயப்படாம சோதிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆப்பை முழுசா மூடித் திறக்கணும், டாஸ்க்பார்ல கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சு ஓடிட்டு இருந்தா அங்க இருந்தும் மூடணும், அவ்வளவுதான்.

எந்த ஆப் எந்த ரகம்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் பக்கம் போய், மேல காலம் தலைப்பை ரைட் கிளிக் பண்ணி, செலக்ட் காலம்ஸ்ல டிபிஐ அவேர்னஸை டிக் பண்ணுங்க. ஓடுற ஒவ்வொரு ஆப்புக்கும் எதிர்ல அன்அவேர், சிஸ்டம், பெர் மானிட்டர்னு வரும். அன்அவேர்னு இருந்து மங்கலா தெரிஞ்சா நேரா என்ஹான்ஸ்டை முயற்சி பண்ணுங்க. பெர் மானிட்டர்னு இருந்தா பெரும்பாலும் கையே வைக்க வேணாம், அந்த ஆப் தானே பாத்துக்கும்.

இந்த நடுவுல இருக்குற சிஸ்டம் ரகம்தான் லேப்டாப்பை வெளி மானிட்டரோட மாட்டி மாட்டிக் கழட்டுறவங்களுக்குத் தலைவலி. அந்த மாதிரி ஆப், நீங்க லாகின் பண்றப்போ மெயின் ஸ்க்ரீன்ல என்ன டிபிஐ இருந்துச்சோ அதையே பிடிச்சுக்கும். காலைல 200% லேப்டாப் ஸ்க்ரீன்ல லாகின் பண்ணிட்டு அப்புறம் 100% மானிட்டர்ல மாட்டினா, அதுல எல்லாம் சுருக்கி ஒட்டின படமா வரும், எழுத்து எல்லாம் ஒரு மாதிரி நொறுங்கித் தெரியும். முன்னாடி இதுக்கு சைன் அவுட் பண்ணி வர்றதுதான் வழி, கையில இருக்குற வேலை எல்லாத்தையும் மூடிட்டு. இந்த டயலாக்கோட மேல்பகுதில "புரோகிராம் டிபிஐ"ன்னு ஒண்ணு இருக்கும், அதை டிக் பண்ணி "ஐ ஓபன் திஸ் புரோகிராம்"னு செலக்ட் பண்ணிட்டா, லாகின் நேரத்து டிபிஐயை விட்டுட்டு ஆப்பைத் திறக்குற நேரத்து டிபிஐயை எடுத்துக்கும். அந்த ஆப்பை மட்டும் மூடித் திறந்தா போதும். ஒரு சின்ன விஷயம்தான், ஆனா தினமும் டாக்ல மாட்டுறவங்களுக்கு இது எவ்வளவு நிம்மதின்னு மாட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

இப்ப அந்த ஒரு மார்க்.

இவ்வளவு நல்ல விஷயத்தை காம்பேட்டபிலிட்டி டேபுக்குள்ள, ஒரு பட்டனுக்குப் பின்னாடி, டிக் பண்ணாதான் உயிர் வர்ற டிராப் டவுன்ல வச்சிருக்காங்க. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே பக்கத்துல ஆப் லிஸ்ட் போட்டு, பக்கத்துல மூணு ஆப்ஷனையும் ஒரு முன்னோட்டத்தோட காட்டியிருந்தா எத்தனை பேருக்கு உதவும். பேராவது புரியுற மாதிரி வச்சிருக்கலாம், "சிஸ்டம் என்ஹான்ஸ்டு"ன்னு படிச்சா எழுத்து தெளிவாகும்னு யாருக்குத் தோணும்? கண் பார்வை குறைஞ்சவங்களுக்கும் வயசானவங்களுக்கும் இது வெறும் அழகு விஷயம் இல்ல, அவங்க கம்ப்யூட்டரைத் தொடர்ந்து யூஸ் பண்ண முடியுமா முடியாதாங்கிற விஷயம், அவங்க கண்ணுல படுற இடத்துல இது இல்லவே இல்ல. அவங்களுக்குன்னு அக்ஸஸிபிலிட்டில டெக்ஸ்ட் சைஸ் ஸ்லைடர் இருக்கு, 225% வரைக்கும் எழுத்தை மட்டும் பெருசாக்கலாம், நல்ல வசதிதான், ஆனா பழைய ஆப் பல அதைக் கண்டுக்குறதே இல்ல.

அடுத்தது, இந்த செட்டிங் ஃபைலோட முழு பாத்தை வச்சுத்தான் சேவ் ஆகுது. சில ஆப்கள் ஒவ்வொரு அப்டேட்லயும் புது வெர்ஷன் நம்பரோட புது ஃபோல்டர்ல போய் உக்காரும், உடனே நீங்க வச்சது எல்லாம் போயிடும், மறுபடி மங்கல், மறுபடி அதே நாலு கிளிக். லாஞ்சர் வச்ச ஆப்களும் அப்படித்தான், நீங்க ஐகான்ல மாத்துறது லாஞ்சருக்கு, உண்மையான ஜன்னலைத் திறக்குற ஃபைல் உள்ள எங்கயோ இன்னொரு ஃபோல்டர்ல இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல ரைட் கிளிக் பண்ணி ஓபன் ஃபைல் லொகேஷன் போட்டு அதைக் கண்டுபிடிச்சு அதுல மாத்தணும். ஜாவா ஆப்னா இன்னொரு சிக்கல், ஓடுறது ஆப்போட ஃபைல் கிடையாது, ஜாவாவோட ஃபைல், அதுல மாத்தினா அதே ஜாவாவை யூஸ் பண்ற எல்லா ஆப்புக்கும் போய் ஒட்டிக்கும். 2017ல வந்த ஜாவா 9ல இருந்து ஜாவாவே ஸ்கேலிங்கைப் புரிஞ்சுக்குது, அதனால முடிஞ்சா ஆப்பைப் புது ஜாவாவுல ஓட்டிப் பாருங்க, பல சமயம் அதுவே போதும். ஸ்டோர்ல இருந்து வர்ற ஆப்களுக்கு இந்த டேபே கிடையாது, விண்டோஸோட சொந்த புரோகிராம்களுக்கும் மாத்த விடாது.

கஸ்டம் ஸ்கேலிங்னு 100ல இருந்து 500 வரைக்கும் நம்பர் அடிக்கிற வசதி ஒண்ணு இருக்கு, அதை வச்சு ஒரு ஆப்பைச் சரி பண்ண நினைக்காதீங்க. அது எல்லா மானிட்டருக்கும் ஒரே நம்பரைத் திணிக்கும், சைன் அவுட்டும் கேக்கும். ஒரு ஆப்புக்காக ஊரையே மாத்த வேண்டிய அவசியம் இல்ல.

மத்த சிஸ்டம்கள்ல எப்படின்னு சொன்னாத்தான் இந்த மார்க் நியாயமா இருக்கும். மேக் இதை வேற மாதிரி அணுகுது, 2012ல ரெடினா மேக்புக் ப்ரோ வந்ததுல இருந்து ஆப்புக்கு ரெண்டு மடங்குங்கிற ஒரே கணக்குதான், நடுவுல ஏதாவது சைஸ் வேணும்னா மொத்த ஸ்க்ரீனையும் பெருசா வரைஞ்சு அப்புறம் சுருக்கும். 27 இன்ச் 4கேல 2560க்கு 1440 மாதிரி தெரியணும்னு கேட்டா, உள்ள 5120க்கு 2880ல வரைஞ்சு 3840க்கு 2160ஆ சுருக்கிக் காட்டுது. ஆப் எதுவும் குலையாது, ஒழுங்கா இருக்கும், ஆனா எல்லாமே லேசா மெத்துனு இருக்கும், இந்த ஒரு ஆப்பை மட்டும் இப்படிக் காட்டுன்னு விண்டோஸ் மாதிரி நுணுக்கமா சொல்ல வழி இல்ல.

லினக்ஸ்ல கேடிஇ பிளாஸ்மாங்கிற டெஸ்க்டாப் பக்கம் நல்ல முன்னேற்றம். 2022 அக்டோபர்ல வந்த 5.26ல, ஜன்னல்களை ஸ்க்ரீன்ல காட்டுற புது முறையான வேலண்ட்ல ஓடுறப்போ, அதுக்கு முந்தின முறையான எக்ஸ்11க்கு எழுதின பழைய ஆப்கள் தானே ஸ்கேல் பண்ணிக்கணுமா, இல்ல சிஸ்டம் இழுத்துப் பெருசாக்கணுமான்னு கேக்குற ஆப்ஷனை டிஸ்ப்ளே செட்டிங்ஸ்லயே வெளிப்படையா வச்சாங்க, விண்டோஸ் கத்துக்க வேண்டிய இடம் இதுதான். ஆனா அது எல்லா எக்ஸ்11 ஆப்புக்கும் சேர்த்து ஒரே முடிவு. இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோம்ல 2024 செப்டம்பர்ல வந்த 47ல இதே மாதிரி ஒண்ணை சோதனை நிலையில சேர்த்தாங்க. தனித்தனி ஆப்புக்கு வேணும்னா என்விரான்மென்ட் வேரியபிள்தான், அதாவது ஆப்பைத் திறக்குறப்போ அதுக்குக் கொடுக்குற ஒரு மதிப்பு, க்யூடிங்கிற டூல்கிட்ல எழுதின ஆப்புக்கு ஒன்றரை மடங்குன்னு கூட கொடுக்கலாம், ஜிடிகேங்கிற இன்னொரு டூல்கிட்ல எழுதின ஆப்னா முழு எண் மட்டும்தான் ஏத்துக்கும், ரெண்டு இல்லன்னா மூணு. லாஞ்சர் ஃபைலை ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணி அதுல அந்த வேரியபிளைச் சேர்த்துட்டா அந்த ஆப்புக்கு மட்டும் நிரந்தரமா இருக்கும். தெரிஞ்சவங்களுக்கு விண்டோஸை விட சுதந்திரம் அதிகம், ஆனா ஜிடிஐ என்ஹான்ஸ்டு மாதிரி, கைவிடப்பட்ட ஆப்பைத் தானா பளிச்சுனு ஆக்குற வித்தை அங்க இல்ல.

ப்ரவுசர் இன்ஜின்ல ஓடுற ஆப்கள், சாட் ஆப், நோட்ஸ் ஆப், விஎஸ் கோட் மாதிரி, இதுக்கெல்லாம் இந்த டேப் பக்கமே போகாதீங்க. கன்ட்ரோலை அமுக்கிட்டு பிளஸ் அடிச்சா பெரும்பாலானதுல ஜூம் ஆகும், விஎஸ் கோட்ல ஒவ்வொரு படிக்கும் 20%, எல்லாமே தெளிவா வரும்.

நிறைய மெஷின் பாத்துக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்த டயலாக் வைக்கிறது எல்லாம் ரெஜிஸ்ட்ரில கரன்ட் யூசர் பகுதில, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷனுக்குக் கீழே ஆப் காம்பேட் ஃப்ளாக்ஸ், அதுக்குள்ள லேயர்ஸ்ங்கிற கீல தான் உக்காருது, ஃபைல் பாத் பேரா இருக்கும், நீங்க தேர்ந்தெடுத்தது மதிப்பா இருக்கும். ஒரு மெஷின்ல எல்லா ஆப்பையும் சரி பண்ணிட்டு அந்த கீயை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க, அதே ஃபோல்டர்ல அதே ஆப் இருக்குற மத்த மெஷின்கள்ல இம்போர்ட் பண்ணினா போதும், ஒவ்வொருத்தர் சீட்டுக்கும் போய் உக்காந்து ரைட் கிளிக் பண்ண வேண்டியதில்ல. ஒரே மெஷினை பல பேர் ஷிஃப்ட் போட்டு யூஸ் பண்றாங்கன்னா, அதே காம்பேட்டபிலிட்டி டேப்ல "சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்"னு ஒரு பட்டன் இருக்கும், அட்மினா அதுக்குள்ள போய் மாத்திட்டா யார் லாகின் பண்ணாலும் எழுத்து தெளிவாவே வரும்.